சர்வர் தயாரா? பின்னணியில் வரிசை மாறாமல் நடக்கவேண்டிய வேலைகள்

ஜூன் மாதம். கல்லூரிச் சேர்க்கை நடக்கும் நேரம். இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று கேட்டு வரிசை வாசல் வரை நிற்கிறது. "தம்பி, நாளைக்குள்ள கிடைச்சிருமாப்பா? காலேஜ்ல கேக்குறாங்க" என்கிறார் ஓர் அம்மா. "சர்வர் வரலைம்மா, கொஞ்ச நேரம் உட்காருங்க" என்கிறார் கவுன்டரில் இருப்பவர்.

இந்த உரையாடலைக் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. கூட்டம் கூடும் மாதங்களில் கூடுதல் சர்வர்கள் சேர்க்கப்படுகின்றன. அந்தச் சர்வர்களைத் தயார் செய்யும் வேலை ஒழுங்காக நடந்தால் யாருக்கும் தெரியாது. வரிசை மாறினால் மேலே சொன்ன அம்மாவுக்குத்தான் முதலில் தெரியும். அந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே தவறுகிறது, எப்படிச் சரியாகச் செய்வது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். மாவட்ட அளவில் தகவல் தொழில்நுட்பப் பணி பார்ப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். கவுன்டரில் இருப்பவர்களுக்கும் விண்ணப்பிப்பவர்களுக்கும் "சர்வர் வரல" என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது புரியும்.

மெய்நிகர் கணினி என்றால்?

தரவு மையத்தில் இருக்கும் ஒரு பெரிய கணினியை மென்பொருள் மூலம் பல சிறு கணினிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம், தனி வட்டு இடம், தனி இயக்க முறைமை. இதைத்தான் மெய்நிகர் கணினி, அல்லது வர்ச்சுவல் மெஷின் என்கிறோம். புதிய கணினி வாங்கி, பெட்டியைப் பிரித்து, ரேக்கில் பொருத்த வாரக்கணக்கில் ஆகும். மெய்நிகர் கணினியைச் சில நிமிடங்களில் உருவாக்கிவிடலாம்.

ஆனால் உருவாக்குவது வேறு, வேலைக்குத் தயார் செய்வது வேறு. புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் கரண்ட் இணைப்பு, தண்ணீர், கதவு, பூட்டு எல்லாம் வந்த பிறகுதான் குடி போக முடியும். அதுபோல ஒரு மெய்நிகர் கணினி மக்களின் விண்ணப்பத்தை வாங்குவதற்கு முன் பல வேலைகள் முடிந்திருக்க வேண்டும். அவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும்.

என்னென்ன வேலைகள், ஏன் அந்த வரிசை?

ஒரு சான்றிதழ் சேவைக்கான சர்வரை எடுத்துக்கொள்வோம். பொதுவான வரிசை இப்படி இருக்கும்.

1. இயக்க முறைமை முழுமையாக எழுந்து, நெட்வொர்க் கிடைக்கும் வரை காத்திருத்தல்.

2. கடிகாரத்தைச் சரிசெய்தல். புதிய மெய்நிகர் கணினிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அது நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் பின்தங்கியது. இதைக் கவனிக்காமல் விட்டால், இரவு 12 மணிக்கு மேல் அதிகாலை 5.30-க்குள் வரும் விண்ணப்பத்தில் முந்தைய நாள் தேதி விழ வாய்ப்பு உண்டு. கடிகாரமே தவறாக இருந்தால் பாதுகாப்பான இணைப்புகளும் கிடைக்காது, ஏனென்றால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. அதனால்தான் மென்பொருள் பதிவிறக்கத்துக்கு முன்பே நேரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

3. இயக்க முறைமையின் பாதுகாப்பு மேம்படுத்தல்களை ஏற்றுதல்.

4. தேவையான மென்பொருள் தொகுப்புகளை நிறுவுதல். தமிழ் எழுத்துருக்களும் இதில் அடக்கம். எழுத்துரு இல்லாத சர்வரில் சான்றிதழ் பிடிஎஃப் உருவானால், விண்ணப்பதாரரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் வரும். கணினியின் கணக்கில் சேவை வெற்றி. மாணவரின் கையில் இருப்பது செல்லாத காகிதம்.

5. சேவையின் கோப்புகளையும் அமைப்புகளையும் கொண்டுவந்து வைத்தல்.

6. தரவுத்தளத்துடன் இணைப்பு கிடைக்கிறதா என்று பார்த்தல்.

7. சேவையைத் தொடங்குதல்.

8. சோதனை விண்ணப்பம் ஒன்றை ஓட்டிப் பார்த்தல்.

9. கடைசியாக, வரும் விண்ணப்பங்களைச் சர்வர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் லோட் பேலன்சரில் இந்தக் கணினியைச் சேர்த்தல்.

ஒன்பதாவது வேலை கடைசியில்தான் வர வேண்டும். நான்கு சர்வர்களில் ஒன்று அரைகுறையாக இருந்து அதுவும் பங்கீட்டில் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். சுழற்சி முறையில் பங்கிட்டால் நான்கில் ஒரு கோரிக்கை அந்தச் சர்வரிடம் போய் விழும். ஒருவருக்கு விண்ணப்பம் போகிறது, பக்கத்தில் இருப்பவருக்குப் போகவில்லை. "எனக்கு மட்டும் ஏன்?" என்ற கேள்விக்குக் கவுன்டரில் பதில் இருக்காது.

வேலை குறைவாக இருக்கும் சர்வருக்கு அனுப்பும் முறையில் நிலைமை இன்னும் மோசம். கெட்டுப்போன சர்வர் எதையும் செய்யாமல் உடனே பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் அது எப்போதும் சும்மா இருப்பது போலத் தெரியும். பங்கிடும் கருவியும் அதற்கே மேலும் மேலும் அனுப்பும். ஆகவே அரைகுறையாகத் தயாரான சர்வரைச் சேர்ப்பதைவிடச் சேர்க்காமல் இருப்பதே மேல்.

நமக்குத் தெரிந்த நடைமுறைதான்

வரிசையாகவும் நடக்க வேண்டும், பின்னணியிலும் நடக்க வேண்டும் என்றால் குழப்பமாகத் தோன்றலாம். நம் சான்றிதழ் விண்ணப்பத்தையே பாருங்கள். நீங்கள் விண்ணப்பித்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். கவுன்டரிலேயே நிற்பதில்லை. விண்ணப்பம் மட்டும் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், அவரிடமிருந்து மேல் அலுவலருக்கும் போகிறது. ஒருவர் பார்த்து முடித்த பிறகே அடுத்தவர் பார்க்கிறார். இடையில் நிலை என்ன என்று விண்ணப்ப எண்ணை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். முடிந்ததும் குறுஞ்செய்தி வருகிறது.

நீங்கள் காத்து நிற்கவில்லை என்பதுதான் பின்னணி. ஒருவருக்குப் பின் ஒருவர் பார்ப்பதுதான் வரிசை. விண்ணப்ப எண்தான் லாக் பதிவு. குறுஞ்செய்திதான் முடிவு அறிவிப்பு. சர்வரைத் தயார் செய்யும் ஸ்கிரிப்டுக்கும் இந்த நான்கும் வேண்டும். ஸ்கிரிப்ட் என்பது வேறொன்றுமில்லை, கணினிக்கு நாம் வரிசையாக எழுதிக் கொடுக்கும் கட்டளைப் பட்டியல்.

ஏன் பின்னணியில்?

மேலே சொன்ன வேலைகள் முடிய அரை மணி நேரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். பணியாளர் தன் மேசையிலிருந்து எஸ்எஸ்ஹெச் மூலம் சர்வருக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கிறார். நடுவில் இணையம் துண்டித்தால்?

ஓர் அலுவலகத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மாலை 6 மணிக்கு அமைப்பு வேலையைத் தொடங்கிவிட்டு, "அது பாட்டுக்கு ஓடட்டும்" என்று லேப்டாப்பை மூடிவிட்டுப் பஸ் பிடிக்கப் போய்விட்டார் ஒருவர். காலையில் வந்து பார்த்தால் மென்பொருள் தொகுப்புகள் பாதி நிறுவிய நிலையில் நிற்கின்றன. எது முடிந்தது, எது முடியவில்லை என்று கண்டுபிடிப்பதிலேயே முற்பகல் போய்விட்டது. வெளியே மக்கள் காத்திருந்தார்கள்.

இதற்குக் காரணம் எளிது. லினக்ஸில் இணைப்பு துண்டித்ததும் அந்த இணைப்பில் ஓடிக்கொண்டிருந்த வேலைகளுக்கு 'ஹேங் அப்' என்ற சமிக்ஞை போகும். தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை அணுகிய காலத்தில், மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள் என்று சொல்வதற்காக வந்த சமிக்ஞை இது. அது கிடைத்ததும் வேலை நின்றுவிடும்.

தவிர்க்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, 'நோஹப்' என்ற கட்டளையுடன் ஸ்கிரிப்டைத் தொடங்குவது. ஹேங் அப் சமிக்ஞை வந்தாலும் கண்டுகொள்ளாதே என்பதே அதன் பொருள். இரண்டாவது, 'டிமக்ஸ்' அல்லது 'ஸ்கிரீன்'. இவை சர்வரிலேயே ஒரு திரையை வைத்துக்கொள்ளும். இணைப்பு போனாலும் திரை இருக்கும், பிறகு வந்து பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, வேலையை சிஸ்டம்டி என்ற சேவை மேலாளரிடமே ஒப்படைப்பது. பணியாளரின் இணைப்புக்கும் வேலைக்கும் சம்பந்தமே இருக்காது. திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளுக்கு இந்த மூன்றாவது வழியே சிறந்தது.

கணினி முதல்முறை எழும்போதே வேலைகளைச் செய்ய கிளவுட்-இனிட் என்ற கருவியும் இருக்கிறது. பெரும்பாலான கிளவுட் தளங்களில் இதைப் பயன்படுத்தலாம். அது முழுவதும் முடியும் வரை காத்திருக்கச் சொல்லும் கட்டளையும் அதிலேயே உண்டு. அதை மறந்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்கினால், இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.

அடிக்கடி நடக்கும் நான்கு தவறுகள்

முதல் தவறு: ஒவ்வொரு வரியையும் பின்னணிக்கு அனுப்புவது.

லினக்ஸ் கட்டளையின் முடிவில் & குறி போட்டால் அது பின்னணிக்குப் போகும். புதிதாக எழுதுபவர்கள் ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரிக்கும் அந்தக் குறியைப் போட்டுவிடுகிறார்கள். அப்போது ஒன்பது வேலையும் ஒரே நேரத்தில் கிளம்பும். ஒரே விண்ணப்பத்தை மூன்று அலுவலர்களிடமும் ஒரே நேரத்தில் நீட்டியது போல ஆகிவிடும். நிறுவப்படாத மென்பொருளைத் தொடங்கச் சொன்னால் கணினி என்ன செய்யும்? உள்ளே எல்லா வரிகளும் சாதாரணமாக, ஒன்றன்பின் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் முழுவதையும் ஒரே வேலையாகத்தான் பின்னணிக்கு அனுப்ப வேண்டும். இரண்டு வேலைகள் உண்மையிலேயே தனித்தனி என்றால் மட்டும் சேர்த்து ஓடவிட்டு, 'வெயிட்' கட்டளையால் இரண்டும் முடியும் வரை காத்திருந்து, பிறகு மேலே போகலாம்.

இரண்டாவது தவறு: தோல்வியைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போவது.

ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் வெற்றி, வேறு எந்த எண்ணாக இருந்தாலும் ஏதோ கோளாறு. ஸ்கிரிப்ட் தானாக இதைப் பார்க்காது. நான்காவது வேலை தோற்றாலும் ஐந்தாவதற்குப் போய்விடும். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே ; போட்டால் முதலாவது தோற்றாலும் இரண்டாவது ஓடும். && போட்டால் முதலாவது வென்றால்தான் இரண்டாவது ஓடும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'செட் மைனஸ் இ' என்று எழுதினால், தோல்வி வந்த இடத்தில் பொதுவாக நின்றுவிடும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒரு கட்டளையின் வெளியீட்டைக் குழாய்க்குறி மூலம் இன்னொன்றுக்கு அனுப்பினால், கடைசிக் கட்டளையின் முடிவு மட்டுமே கணக்கில் வரும். நிறுவும் வேலை தோற்றிருக்கும். ஆனால் அதன் செய்தியை லாக் கோப்பில் எழுதிய கட்டளை வென்றிருப்பதால் மொத்தமும் வெற்றி என்று காட்டும். 'பைப்ஃபெயில்' என்ற அமைப்பைச் சேர்த்தால் இந்த ஓட்டை அடைபடும்.

மூன்றாவது தவறு: மணி பார்த்துக் காத்திருப்பது.

"தரவுத்தளம் எழும்ப ஒரு நிமிஷம் ஆகும், 60 வினாடி ஸ்லீப் போட்டுக்கலாம்" என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. கூட்டம் இல்லாத நாளில் அது போதும். வேலைப்பளு உள்ள நாளில் 90 வினாடி ஆனால் எல்லாம் சரியும். சோற்றை மணி பார்த்தா இறக்குகிறோம்? ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்துத்தானே இறக்குகிறோம். "தயாரா?" என்று 5 வினாடிக்கு ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். தயார் என்றால் மேலே போகட்டும். அதற்கும் ஓர் உச்ச வரம்பு வேண்டும். உதாரணமாக 10 நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால் நிறுத்திவிட்டுத் தகவல் சொல்ல வேண்டும். முடிவில்லாமல் காத்திருக்கும் ஸ்கிரிப்டும் தோற்ற ஸ்கிரிப்ட்தான்.

உபுண்டு, டெபியன் சர்வர்களில் இன்னொரு தொல்லை. கணினி எழுந்தவுடன் தானியங்கி மேம்படுத்தல் தொடங்கி, மென்பொருள் நிறுவும் வசதியைப் பூட்டி வைத்திருக்கும். அதே நேரத்தில் நம் ஸ்கிரிப்ட் நிறுவப் போனால் "பூட்டு கிடைக்கவில்லை" என்று பிழை வரும். கையால் செய்தால் வருவதில்லை, ஸ்கிரிப்டில் மட்டும் வருகிறது என்று பலர் தலையைச் சொறிவது இதனால்தான். பூட்டு விடுபடும் வரை எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் வசதி ஆப்ட் கருவியிலேயே இருக்கிறது. பூட்டுக் கோப்பை அழித்துவிடுவது தீர்வு ஆகாது, நடந்துகொண்டிருக்கும் நிறுவலை அது சிதைத்துவிடலாம்.

நான்காவது தவறு: பின்னணியில் கேள்வி கேட்பது.

சில மென்பொருள்கள் நிறுவும்போது "தொடரலாமா?" என்று கேட்கும். திரைக்கு முன்னால் ஆள் இருந்தால் பதில் சொல்வார். பின்னணியில் யார் இருக்கிறார்? வேலை அப்படியே தொங்கி நிற்கும், இல்லை தோற்றுப்போகும். எல்லாக் கேள்விகளுக்கும் பதிலை முன்கூட்டியே ஸ்கிரிப்டில் கொடுத்துவிடுங்கள். கேள்வி கேட்காத முறையில் நிறுவும்படியும் சொல்லிவிடுங்கள்.

மறுபடி ஓட்டினால் என்ன ஆகும்?

நின்றுபோன ஸ்கிரிப்டை மீண்டும் ஓட்டத்தான் வேண்டியிருக்கும். அப்போது ஏற்கனவே முடிந்த வேலைகள் கெடாமல் இருக்க வேண்டும். "இந்த அடைவை உருவாக்கு" என்பதற்குப் பதிலாக "இல்லாவிட்டால் உருவாக்கு" என்று எழுதுங்கள். அமைப்புக் கோப்பின் முடிவில் வரி சேர்ப்பதற்குப் பதிலாகக் கோப்பை முழுதாக மாற்றி எழுதுங்கள். இல்லாவிட்டால் மூன்று முறை ஓட்டினால் அதே வரி மூன்று முறை சேரும்.

ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் ஒரு சிறு அடையாளக் கோப்பை வைப்பது நல்ல பழக்கம். மறுமுறை ஓடும்போது அடையாளம் இருக்கும் வேலைகளைத் தாண்டிப் போகலாம். அடையாளத்தை வேலை முடிந்த பிறகே வைக்க வேண்டும். வேலைக்கு முன்பே வைத்தால், கள ஆய்வுக்குப் போகாமலே அறிக்கையில் கையெழுத்துப் போட்டது போல ஆகிவிடும்.

ஒரே ஸ்கிரிப்டை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்கிவிடாமல் இருக்க 'எஃப்லாக்' என்ற பூட்டு வசதியைப் பயன்படுத்தலாம். தரவுத்தளத்தின் அட்டவணைகளை மாற்றும் வேலையைத் தனியாக, ஒரே ஓர் இடத்தில், காப்பு நகல் எடுத்த பிறகே செய்ய வேண்டும். ஒவ்வொரு புதிய சர்வரின் ஸ்கிரிப்டிலும் அதைச் சேர்க்காதீர்கள். சர்வரை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கலாம். மக்களின் பதிவுகளை அப்படி உருவாக்க முடியாது.

நடுவில் மறுதொடக்கம் வந்தால்?

பாதுகாப்பு மேம்படுத்தலுக்குப் பின் சில நேரம் சர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருக்கும். நோஹப், டிமக்ஸ் இரண்டும் இணைப்பு துண்டிப்பிலிருந்துதான் காக்கும், மறுதொடக்கத்திலிருந்து காக்காது. இங்கேதான் சிஸ்டம்டி கைகொடுக்கிறது. வேலையை 'ஒன்ஷாட்' வகைச் சேவையாக எழுதினால், அது முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும்படி செய்யலாம்.

ஒரு நுணுக்கம். 'ஆஃப்டர்' என்று எழுதினால் எது முன், எது பின் என்ற வரிசை மட்டுமே கிடைக்கும். முதல் வேலை தோற்றாலும் இரண்டாவது ஓடிவிடும். முதலாவது வெற்றி பெற்றால்தான் இரண்டாவது என்றால் 'ரிக்வயர்ஸ்' என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டும் தேவை.

லாக் பதிவு: பின்னணி வேலையின் ஒரே சாட்சி

பின்னணியில் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. பதிவு இருந்தால்தான் என்ன நடந்தது என்று தெரியும். ஒவ்வொரு வேலையின் தொடக்கமும் முடிவும் நேரத்துடன் பதிவாக வேண்டும். சாதாரண வெளியீடு, பிழை வெளியீடு இரண்டையும் ஒரே கோப்பில் சேருங்கள். பிழை வெளியீட்டை மறந்துவிட்டால், தேடும்போது வேண்டிய வரி மட்டும் இருக்காது.

இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், லாக் பதிவுகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்கச் சொல்கின்றன. சர்வர் கடிகாரங்களை தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களுடனோ, அவற்றோடு ஒத்துப்போகும் சர்வர்களுடனோ இணைக்கவும் சொல்கின்றன. அமைப்பு ஸ்கிரிப்டிலேயே இரண்டையும் சேர்த்துவிட்டால் பிறகு நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கடவுச்சொல் மட்டும் பதிவில் வரவே கூடாது. ஓடும் ஒவ்வொரு கட்டளையையும் அச்சிடும் 'செட் மைனஸ் எக்ஸ்' அமைப்பைப் போட்டுவிட்டு எடுக்க மறந்தால், தரவுத்தளக் கடவுச்சொல்லும் லாக்கில் விழுந்துவிடும். அந்த இடத்தில் அதை நிறுத்தி வையுங்கள்.

வேலை முடிந்தால் வெற்றி என்றும், நின்றால் எந்த வேலையில் நின்றது என்றும் பொறுப்பாளருக்கு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ போக வேண்டும். தகவலே வராவிட்டால் அதையும் தோல்வியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். "ஒண்ணும் சொல்லல, அப்போ ஓடியிருக்கும்" என்று நினைப்பதில்தான் பல சிக்கல்கள் தொடங்குகின்றன.

சேர்ப்பதற்கு முன் கடைசிச் சோதனை

முகப்புப் பக்கம் திறந்தால் சர்வர் தயார் என்று நினைக்க வேண்டாம். சோதனை விண்ணப்பம் ஒன்றைப் பதிவு செய்து, தரவுத்தளத்திலிருந்து திரும்பப் படித்து, தமிழ்ப் பெயருடன் பிடிஎஃப் உருவாக்கி, தேதி சரியா என்று பாருங்கள். நெடில், கொம்பு, 'ஸ்ரீ' போன்றவை உள்ள பெயரைச் சோதனைக்கு வைத்துக்கொள்வது நல்லது. இவ்வளவும் சரியாக வந்த பிறகே ஒன்பதாவது வேலை.

கவுன்டரில் இருப்பவர்களுக்கும் விண்ணப்பதாரர்களுக்கும்

பிழை வந்தால் "சர்வர் வரல" என்று மட்டும் சொல்லாமல், எந்த நேரத்தில் வந்தது, எந்தப் பக்கத்தில் வந்தது, மறுமுறை முயன்றதும் சரியானதா என்பதைக் குறித்து அனுப்புங்கள். திரையைப் படம் எடுத்து இணைத்தால் இன்னும் நல்லது. "ஒருமுறை வருது, ஒருமுறை வரல" என்ற ஒரே வரி போதும், பல சர்வர்களில் ஒன்று மட்டும் கெட்டிருக்கலாம் என்று தொழில்நுட்பப் பணியாளர் யூகித்துவிடுவார். உங்கள் நேரக் குறிப்பை வைத்து லாக்கில் அந்த வரியைத் தேடிப் பிடித்துவிடலாம்.

கட்டணம் பிடித்தமாகி ஒப்புகை எண் வராவிட்டால், உடனே இரண்டாவது முறை பணம் கட்ட வேண்டாம். பரிவர்த்தனை நிலையைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். கையில் வாங்கிய சான்றிதழில் பெயரும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள்.

சுருக்கமாக

• வேலைகள் உள்ளே வரிசையாக, ஸ்கிரிப்ட் முழுவதும் பின்னணியில்.
• தோல்வி வந்த இடத்தில் நிற்க வேண்டும்.
• மணி பார்த்துக் காத்திருக்காமல், தயாரா என்று கேட்டுக் காத்திருக்க வேண்டும், வரம்புடன்.
• கேள்விகளுக்குப் பதில் முன்கூட்டியே.
• எத்தனை முறை ஓட்டினாலும் கெடாதபடி எழுத வேண்டும்.
• நேரத்துடன் லாக், கடவுச்சொல் இல்லாமல்.
• முழுச் சோதனைக்குப் பிறகே மக்கள் பயன்பாட்டுக்கு.

கூட்டம் வரும் மாதம் எது என்று நமக்குத் தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்பே ஸ்கிரிப்டை ஒரு சோதனைக் கணினியில் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். நடுவில் வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்தும் பாருங்கள். அப்போது தெரியவரும் தவறுகளை நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம். ஜூன் மாதம் அந்த அம்மா கேட்கும்போது, "போயிட்டு வாங்கம்மா, முடிஞ்சதும் மெசேஜ் வரும்" என்று கவுன்டரில் இருப்பவர் தயங்காமல் சொல்ல முடியும்.